நகல் எடுப்பது சட்டப்படி குற்றம்

போன மாதம் நோணாங்குப்பத்தில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு மருதாணி வைக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி தன் செல்போனை ஸ்பீக்கரில் இணைத்து நலங்குப் பாட்டு போட்டாள். பாட்டுக்கு முன்னால் ஓர் ஆண்குரல். "அன்பார்ந்த நேயர்களே, இந்தப் பாடல்களை நகல் எடுப்பது சட்டப்படி குற்றம்" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமியது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். அது என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து பல வருஷமாகிறது. பக்கத்திலிருந்த அக்காவைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மச்சான் காந்தி வீதிப் பக்கம் கேசட் கடை வைத்திருந்தார். கேசட் போய் சிடி வந்ததும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு நாளெல்லாம் அந்தக் கடையில் ஒரே பேச்சுதான்: "பாய், ஒரு காப்பி போட்டுக் குடுங்க." சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, பிரான்சிலிருந்து லீவில் வருகிறவர்கள் கொண்டுவரும் பிரெஞ்சுப் பாட்டு, எதுவாக இருந்தாலும் காப்பி. கம்ப்யூட்டரை ஓட்டிய மென்பொருளே காப்பிதான். எங்கள் தெருவில் அசல் சிடி வாங்கியவர் ஒருவரும் கிடையாது. அவ்வளவு விலை கொடுத்துப் பாட்டு கேட்க எவனால் முடியும்? அதைத் தப்பென்று நாங்கள் யாரும் நினைத்ததுமில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தனக்கென்று ஒன்று செய்துபார்க்க ஆசை வந்துவிட்டது. எங்கள் கல்யாண வீடுகளில் பெண்கள் பாடும் பாட்டுகளை ஆல்பமாகப் போடப் போகிறேன் என்றார். அக்காவும் நானும் இன்னும் சில பெண்களும் பாடினோம். வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து வழிய வழியப் பதிவு நடந்தது. நல்ல கட்டத்தில் தெருவில் மீன்காரம்மா குரல் கொடுத்துவிடுவாள், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் மச்சானே மைக் முன்னால் உட்கார்ந்து அந்த எச்சரிக்கையைப் பேசினார். தொண்டையைச் செருமியதையும் சேர்த்துப் பதிந்துவிட்டார். அழித்துவிட்டுப் பேசுங்கள் என்று நான் சொன்னதற்கு, அதுதான் கம்பீரமாக இருக்கிறது என்றார். ஊரெல்லாம் காப்பி போட்டவருக்கு வந்த ரோசத்தைப் பாருங்கள்! உறையில் 'உரிமை' என்று தன் பெயரைப் போட்டதைப் பார்த்து எங்கள் பெரியம்மா விடவில்லை. எங்கம்மா பாடின பாட்டுக்கு நீ எப்போது சொந்தக்காரன் ஆனாய் என்று கேட்டார். மச்சான் பணிவாகத்தான் பதில் சொன்னார்: "பாட்டு உங்களுது பெரியம்மா. சிடி என்னுது."

சிடி நன்றாகத்தான் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைவாசலுக்கு எட்டின தூரத்திலேயே, சந்தையில் தார்ப்பாய் விரித்து விற்றவனிடம் அதே பாட்டுகள் வேறு உறையில் கிடந்தன. வாங்கிவந்து போட்டால் முதலில் வருவது மச்சானின் எச்சரிக்கை. அதைக்கூட வெட்டாமல் அடித்திருந்தான் படுபாவி. மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. புகார் கொடுக்கக் கிளம்பியவரை அக்கா மறித்தாள்.

"திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி கம்முனு இருங்க. நம்ம கடையில இருக்கறது மட்டும் என்னவாம்?"

"அதெல்லாம் வேற. இது நம்ம கொரலு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தேள் கொட்டிய திருடன் ஊரறியக் கத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. அசலைக் காட்டு என்று எங்கள் ஊர்ச் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள் அவரோடு கடைக்கே வந்தார்கள். அலமாரி முழுக்கக் காப்பி. கம்ப்யூட்டர், சிடிகள், எங்கள் பாட்டின் அசல் எல்லாவற்றையும் வாரி வண்டியில் ஏற்றினார்கள். தார்ப்பாய்க்காரன் அதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான். போலீஸ்காரர்கள் பேரிலும் பிழை சொல்ல முடியாது, சட்டம் சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தை நம்பி ஸ்டேஷன் வாசல்படி ஏறிய ஒரே கடைக்காரர் எங்கள் மச்சான்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

வழக்கு இழுத்தது. போன சாமான் எதுவும் திரும்பவில்லை. மச்சான் கடையை மூடிவிட்டுச் சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போனார். அதன்பிறகு அவர் வீட்டில் பாட்டே போடவில்லை. வீட்டிலிருந்த எங்கள் பாட்டு சிடி ஒன்றும் கீறல் விழுந்து பாடாமல் போயிற்று. ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போட்டோக்கள் இருக்கின்றன. குரல்தான் எங்கும் இல்லை. அவர் பேசுகிற மாதிரி யாராவது பேசினால் அக்கா வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பாள்.

மண்டபத்தில் சிரிப்பு அடங்கிப் பாட்டு தொடங்கியது. இளவயது அக்காவும் நானும் பாடிக்கொண்டிருந்தோம். மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அக்கா பாட்டைக் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, போன் வைத்திருந்த பெண்ணிடம் போனாள். இது எங்கே கிடைத்தது என்று கேட்டாள். யாரோ அனுப்பினார்கள், அவர்களுக்கு யார் அனுப்பினார்களோ தெரியாது என்றாள் அந்தப் பெண். முதலிலிருந்து போடச் சொன்னாள் அக்கா. மச்சான் மறுபடியும் எச்சரித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் போனை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடும்மா."