சிவந்த ரப்பர்

கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, புது மெமரிப் பட்டையின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் இசைவாணி. கணினிக்கு எந்த நோவு வந்தாலும் முதல் மருந்து அவளுக்கு ரப்பர்தான். தேய்த்தால் ரப்பர் கறுக்கும். இன்று சிவந்திருக்கிறது. கோபத்தில் இருப்பவள் அதைக் கவனிக்கவில்லை.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவளுடைய அச்சுக்கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், நினைவஞ்சலி எல்லாம் அந்த ஒரே கணினியில்தான். செத்துப்போனவர்களின் படத்தில் கன்னத்துச் சுருக்கத்தை எடுத்துவிடுவாள். மீசையை மட்டும் தொடமாட்டாள். "ஆளே மீசைதாங்க" என்பாள். 'பழசு' என்ற சொல் அவளுக்கு ஆகாது. "பழசுன்னா தூக்கிப் போட்டுடணுமா? அப்ப உங்க மூஞ்சிய மொதல்ல மாத்துங்க" என்று வாடிக்கையாளரிடமே சொன்னவள்.

விழுப்புரத்தில் வாங்கிய புது மெமரியைப் பழையதன் பக்கத்தில் இருந்த காலிப் பள்ளத்தில் செருகியதிலிருந்துதான் வினை. பெரிய படமாக எதைத் திறந்தாலும் திரை நீலமாகி, கணினி அணைந்து திரும்ப எழுந்தது. "பாம்பு கடிச்சாப்பல நீலம் ஏறிடுது சார். செத்த சரக்க என் தலையில கட்டிட்டீங்க" என்று விழுப்புரம் கடைக்காரரைத் தினமும் போனில் வறுத்தெடுத்தாள். அவரும் சளைக்கவில்லை. "மெமரி நல்லாதான் இருக்கு மேடம். உங்க மிஷின்தான் பழசு."

இதற்காகவே காத்திருந்தவர் போல வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் கணவனின் அண்ணன் அறிவுச்செல்வன். கட்டடம் அவர் பெயரில் இருக்கிறது. செல்போன் கடைக்கு ஆள் பார்த்துவிட்டார். "இன்னிக்கும் ஓடலன்னா பேசாம மூடிட்டு, நம்ம கல்யாண மண்டபத்துல பில்லு போட வந்துடும்மா. எதுக்கு இந்த பேஜாரு? 'இவ்விடம் வாடகைக்கு'ன்னு பெருசா ஒன்னு அடிச்சுக் குடு, ஒட்டிடலாம்."

அவள் கடையிலேயே அவள் கடைக்கு இரங்கல் நோட்டீஸ். இசைவாணி ரப்பரை மேசைமேல் வைத்தாள். "அடிக்கிறேன் மாமா. இந்த மிஷின்லயே அடிக்கிறேன்" என்றாள்.

பழைய மெமரியை எடுத்துவிட்டு, அது இருந்த பள்ளத்தில் புதியதை மட்டும் செருகிப் பார்த்தாள். பெரிய படம் சமர்த்தாகத் திறந்தது. சரக்கு நல்ல சரக்குதான்! விழுப்புரத்துக்காரரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வர, முகம் சுண்டியது. பிறகு பழையதைப் புதியது இருந்த பள்ளத்தில் போட்டாள். உடனே நீலம். அப்படியானால் கோளாறு பள்ளத்தில். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். உள்ளே சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. அப்போதுதான் ரப்பரைப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

தேநீரோடு வாசலில் நின்றான் கணவன் தாண்டவராயன், வேன் ஓட்டுகிறவன். மெமரியை வாங்கி வந்தவனும், நல்ல நேரம் பார்த்துச் செருகியவனும் அவன்தான்.

"ஏங்க, இத்த வாங்கிக்கினு நேரா வூட்டுக்குத்தான வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு அமாவாசையாச்சே. மேல்மலையனூர் சவாரி முடிச்சுக்கினு வந்தேன். புதுப் பொருளு, அங்காளம்மா காலடியில வச்சி எடுத்தேன். எப்பவும் பையில வச்சிருக்கற பொட்டலத்துலேர்ந்து ஒரே ஒரு பொட்டு குங்குமம் வச்சேன், அவ்ளோதான்."

"எங்க வச்சீங்க?"

"தங்கமாட்டம் மின்னுச்சே, அங்கதான்."

அடக்கமாட்டாத சிரிப்பு வந்தது அவளுக்கு. கூடவே கண்ணும் கலங்கியது. தூரிகையால் பள்ளத்தைத் துளித்துளியாகத் துடைத்து, இரண்டு மெமரியையும் செருகினாள். பெரிய பெரிய பேனர்களாகத் திறந்தாள். நீலம் வரவே இல்லை.

"இன்னா கோளாறாம்?" என்றார் அறிவுச்செல்வன். தாண்டவராயன் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூசி மாமா" என்றாள் அவள். பிறகு விழுப்புரத்துக்குப் போன் போட்டாள். "சார், உங்க மெமரி நல்லாதான் இருக்கு. உங்களத் திட்டுனது தப்பு. எங்க மிஷினப் பழசுன்னு சொன்னீங்களே, அதுவும் தப்பு."

அறிவுச்செல்வன் விடுவதாக இல்லை. "ஓடுதுல்ல? ஜல்தியா நான் சொன்னத அடி."

அடித்தாள். கொட்டை கொட்டையான எழுத்தில் 'இவ்விடம் வாடகைக்கு' என்று அச்சுப்பொறியிலிருந்து வெளியே வந்தது. அவர் கையை நீட்டினார். இசைவாணி தாளைக் கொடுக்கவில்லை. வெள்ளைப் பக்கம் மேலே தெரியத் திருப்பி மேசைமேல் விரித்தாள். கணவனின் சட்டைப்பையில் கிழிந்து சிந்திக்கொண்டிருந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்து அதில் கொட்டி, நாலாக மடித்து, சிந்தாதபடி ஓரங்களைச் செருகி, அவன் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தாள்.