நாலு பேருக்கு மட்டும்

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன போர்ஷன் உண்டு. தண்ணீர்த் தொட்டி சிறியது என்பதால் 'வீடு வாடகைக்கு, நாலு பேருக்கு மட்டும்' என்று அட்டையில் எழுதி கேட்டில் தொங்கவிட்டேன். அந்தக் கணக்கு நியாயமானதுதான். அதை வைத்து நான் செய்ததுதான் அநியாயம்.

முதலில் வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். உப்பளத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கணவனுக்கு இங்கே பக்கத்து மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை, இரண்டு பிள்ளைகள். நான் கேட்பதற்கு முன்பே ஆதார் நகல், இருவரின் சம்பளச் சீட்டு எல்லாம் எடுத்து வைத்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

"சொந்த ஊரு எதும்மா?"

கடலோரத்து ஊர் ஒன்றைச் சொன்னாள். "அப்பா இன்னும் மீன் புடிக்க போட்டுக்குப் போறாருக்கா."

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பினேன். என் கணவரிடம் நான் கேட்கவே இல்லை.

மூன்று நாள் கழித்து மறுபடி வந்தாள். "அட்டை இன்னும் தொங்குதேக்கா."

"நாலு பேருக்குத்தாம்மா வீடு."

"நாங்க நாலு பேருதானே?"

"ஒறமொறை வந்துபோவாங்க இல்ல. தண்ணி பத்தாது."

அவள் என்னையே பார்த்தாள். "மீன் வாடை வரும்னு நெனக்கிறீங்களா? நேராவே சொல்லிடுங்கக்கா. இன்னொருவாட்டி லீவு போட்டுட்டு வர வேணாம் பாருங்க."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அன்று மதியம் எங்கள் வீட்டில் சங்கரா மீன் குழம்பு.

அடுத்த வாரமே எங்கள் ஊர்க்காரர் குடும்பம் குடிவந்தது. ஆறு பேர். ஒரு காகிதமும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் தொட்டி காலியாகிவிடும். என் கணவர் முணுமுணுத்தபோது, "விடுங்க, நம்ம ஆளுங்கதானே" என்று நானே சமாதானம் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. அதுதான் இப்போது கூசுகிறது.

இரண்டு வருடம் கழித்து, என் கணவருடைய மாத்திரை எங்கும் கிடைக்காமல் உப்பளத்துக்குப் போனேன். மருந்துக்கடையில் அவள்தான் நின்றாள். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் சீட்டை வாங்கிவிட்டாள். உள்ளே போய்த் தேடி எடுத்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் எது, பின்னால் எது என்று எனக்குப் புரியும்வரை இரண்டு தடவை சொன்னாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "என்னத் தெரியுதாம்மா? மூலக்குளத்துல வீடு கேட்டு வந்தியே."

முகத்தை உற்றுப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"அப்ப பத்துப் பன்னெண்டு வீடு ஏறி எறங்குனோம்க்கா. உங்க வீடு எதுன்னு நெனப்பில்ல."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஊர்லயேதான். ரெண்டு பஸ் மாறி வர்றேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் மறந்துபோன ஒன்றுக்கு என்னவென்று கேட்பது? எனக்குப் பின்னால் நின்றவர் தன் சீட்டை நீட்டினார். அவள் அதை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள். நான் ஒதுங்கி நின்றேன்.