மலை சரியும் என்றார், நான் சாட்சி சொன்னேன்

1979 நவம்பர் 14, புதன்கிழமை. மலேசியாவின் கேமரன் மலையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் அன்றும் வழக்கம்போல் காலை ஆறு மணிக்குப் பெரட்டு. ஆட்களைப் பெயர் கூப்பிட்டு, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்பினேன். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பசியாறினேன். பத்து மணிக்குக் கொழுந்தின் முதல் நிறுவை, இரண்டரைக்கு இரண்டாம் நிறுவை. ஒன்பதாவது நாளாக மழை விடவில்லை.

நான் அந்தத் தோட்டத்தின் கிராணி, கணக்கு எழுதுகிறவன். கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். எதையும் சரியாகச் சொல்கிறவன் என்று தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் அந்த வாரம் என்னைக் கவிழ்த்தது.

அப்போது என் மூத்த மகள் பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்து ஒன்பது நாள். ரத்தம் நிறையப் போயிருந்தது. ஒரு மாதத்துக்கு அவளை அசைக்கக் கூடாது, அதுவும் கீழே இறங்கும் அந்த வளைவுப் பாதையில் கொண்டுபோகவே கூடாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் அன்று காலை நான் பசியாறிக்கொண்டிருந்தபோது என் மனைவி குழந்தையின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை லோரியில் எல்லோரும் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்குவதாக ஏற்பாடு.

காரணம் இதுதான். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை சமவெளியிலிருந்து எங்கள் சிறிய ஆலயத்துக்கு வரும் பிரசங்கியார் ஒருவர், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு தரிசனம் சொன்னார். எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் உள்ள மலை சரிந்து வீடுகளை மூடுவதைக் கண்டாராம். சனிக்கிழமை விடிவதற்குள் அது நடக்கும், அதற்கு முன் விசுவாசிகள் இறங்கிவிட வேண்டும், வெளியில் பேச வேண்டாம் என்றார். ஏமாற்றுக்காரர் இல்லை. சொல்லும்போது அழுதார்.

ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நம்பலாமா என்று கேட்டார்கள். நான் யோசிக்காமல் சொன்னேன்: இரண்டு வருடத்துக்கு முன் இவர் இங்கே வந்தபோது, லோரி கவிழும், உயிர் போகும் என்று சொன்னார், என் காதால் கேட்டேன், இரண்டே வாரத்தில் லோரி கவிழ்ந்தது. கிராணியே சொல்கிறார் என்றதும் எங்கள் சபையின் பதினோரு குடும்பத்தில் பத்துக் குடும்பம் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது.

கட்டாத வீடு ஒன்றே ஒன்று. மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவின் வீடு. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். எழுத்துக்கூட்டித்தான் வேதம் வாசிப்பார். புதன்கிழமை இரண்டாம் நிறுவையில் அவர் கூடையைத் தராசில் மாட்டியபோது, பின்னால் நின்ற ஒரு பெண் சீண்டினாள்.

"அக்கா எறங்க மாட்டாங்களாம். மலை விழுந்தா தலையில கூடைய வச்சுத் தாங்கிக்குவாங்களாம்."

"நீயும் வந்து ஒரு பக்கம் புடிச்சுக்கடி" என்று சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். "ஐயா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க அன்னன்னைக்கு நடந்தத எழுதி வைக்கிறவங்கதானே. அந்த லோரி சமாச்சாரத்த அன்னைக்கு எப்படி எழுதியிருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் மறக்கற ஆளா?" என்றேன்.

"மறக்கலன்னா பாக்கறதுல என்ன ஐயா? சொல்றவங்க சொல்லட்டும், கேக்கறவங்க நிதானிச்சுப் பாக்கட்டும்னுதான வேதத்துல இருக்கு. நிதானிக்கறதுன்னா தலையாட்டறது இல்லையே."

கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். அவர் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் 1977 நாட்குறிப்பை எடுத்தேன். பிரசங்கியார் வந்த நாளின் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: இந்தச் சபையில் ஒரு வீட்டுக்குத் தண்ணீரால் துக்கம் வரும், ஜெபியுங்கள் என்றார். அதற்குக் கீழே, இரவுச் சாப்பாட்டுக்கு நெத்திலியும் கீரையும்.

லோரி என்ற சொல்லே இல்லை. பக்கங்களைத் தள்ளினேன். பதினாறு நாள் கழித்து, திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி வளைவில் கவிழ்ந்தது, டிரைவருக்குக் கால் முறிவு என்று எழுதியிருந்தேன். உயிர் எதுவும் போகவில்லை. டிரைவர் எங்கள் சபைக்காரரும் இல்லை. அந்த வருடக் கடைசிவரை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். தண்ணீரால் எந்த வீட்டுக்கும் எந்தத் துக்கமும் வரவில்லை.

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. லோரி கவிழ்ந்ததும் யாரிடமோ, பிரசங்கியார் துக்கம் வரும் என்று சொன்னாரே என்றிருப்பேன். அடுத்த தடவை சொல்லும்போது தண்ணீர் நழுவியிருக்கும். அதற்கடுத்த தடவை லோரி உள்ளே ஏறியிருக்கும். இரண்டு வருடத்தில் நானே கண்ணால் கண்டது மாதிரி ஆகிவிட்டது. மனைவியிடம், அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"லோரி கவுரும்னு சொன்னாரு."

"நீ கேட்டியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் அன்னைக்குக் கோயிலுக்கே வரலியே. நீங்கதான வந்து சொன்னீங்க."

அன்று மாலை ஐந்தரைக்கு ஆலயத்தில் ஜெபக்கூட்டம், தோட்டத்திலேயே தங்கியிருந்த பிரசங்கியார்தான் நடத்தினார். நாட்குறிப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சொன்னால் இத்தனை வருடத்துப் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் நாளை மறுநாள் என் மகள் லோரியில் ஏற வேண்டும்.

எனக்கு முன் அக்கா எழுந்தார். தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பிரசங்கியாரிடம் மெதுவாகத்தான் பேசினார்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. லயத்துல அறுவது வீடு இருக்கு. நாங்க பதினோரு வீடு. மத்த வீட்டுக்காரங்ககிட்ட யாரு சொல்றது?"

"அவங்க நம்ப மாட்டாங்கம்மா" என்றார் பிரசங்கியார்.

"சொல்லிப் பாத்தீங்களா?"

"இது விசுவாசிகளுக்குக் கொடுத்த எச்சரிக்கை."

"மண்ணுக்கு அது தெரியுமா ஐயா? எங்க பக்கத்து வீட்டுல சாமி கும்புடறவங்க. எனக்குப் பிரசவமானப்ப அந்தம்மாதான் ராவும் பகலும் கூட இருந்துச்சு. அவங்கள அங்க படுக்க வச்சுட்டு நான் மட்டும் லோரியில ஏறுனா, எங்கள அனுப்பினது ஆண்டவருன்னு நான் எப்படிச் சொல்றது?"

அக்கா பிரசங்கியாரை மடக்கப் பார்க்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் பதில் வேண்டியிருந்தது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் இரண்டு பக்கத்தையும், நெத்திலியும் கீரையும் உட்பட, வரி விடாமல் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது தவறு என்று சொன்னேன்.

பிரசங்கியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"லோரின்னு நான் சொன்னதா போன வருஷம் நீங்கதான் கிராணி எங்கிட்ட சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் இந்தத் தடவை நாளு குறிச்சேன்."

யாரோ ஒருவர் பின்னால் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"இது ஆண்டவர் காட்டினதா, ஐயாவோட மனசுல இருந்த பயமா, எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார். "மழை பெய்யறது தெரியும். லயத்துக்குப் பின்னால மலை இருக்கறது தெரியும். காலையில மேல போய்ப் பாப்போம். அதுக்கு முன்ன எல்லா வீட்டுக்கும் சொல்லிருவோம். கேட்டுட்டுப் போறவங்க போகட்டும், இருக்கறவங்க இருக்கட்டும்." பிறகு பிரசங்கியாரிடம், "ஐயா சாப்பிட எங்க வீட்டுக்கு வாங்க. கருவாட்டுக் குழம்புதான்" என்றார். அவரும் எழுந்து, தலையைக் குனிந்தபடியே கூடப் போனார்.

சனிக்கிழமை என்ன ஆனது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஏழு வருடம் கழித்து இதை எழுதும்போதும் அந்த லயம் அங்கேதான் நிற்கிறது. இரண்டு குடும்பம் மட்டும் முறையாக லீவு கேட்டு வெள்ளிக்கிழமை இறங்கியது. அவர்கள் மூட்டையை லோரியில் தூக்கி வைத்ததும் அக்காதான். திரும்பி வந்தபோது யாரும் அவர்களைக் கேலி செய்ய அவர் விடவில்லை. மலை சரிந்திருந்தாலும் அந்தப் புதன்கிழமை அவர் கேட்ட கேள்விகள் சரியான கேள்விகள்தான் என்று நான் நினைக்கிறேன். அதிக வேதம் படித்த நான் கேட்காத கேள்விகள் அவை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து மகளிடம், நீ எங்கேயும் போக வேண்டியதில்லை என்றேன். குழந்தையைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்குப் போக பயமாத்தான் இருந்துச்சுப்பா. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதால பேசல."

மறுநாள், நவம்பர் 15, வியாழக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்ததும் முதல் வேலையாகக் குடையை எடுத்துக்கொண்டு லயத்தின் முதல் வீட்டுக்குப் போனேன். கங்காணி வீடு அது. சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தார். பிரசங்கியார் சொன்னது, நான் தப்பாகச் சாட்சி சொன்னது, மலையைப் போய்ப் பார்க்கப்போவது, மூன்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கெழமையே உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"இன்னிக்கு வியாழக்கெழமை லா, கிராணி" என்றார். தலையில் துண்டைக் கட்டி, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் மழையில் இறங்கி நடந்தார். அதற்குப் பிறகு யார் எந்த அழிவைப் பற்றி என்னிடம் சொன்னாலும், என் நம்பிக்கையைச் சோதிப்பதற்கு முன்னால், இதைக் கேட்க வேண்டிய யார் வீட்டுக் கதவை நான் இன்னும் தட்டவில்லை என்றுதான் யோசிக்கிறேன்.