இடது பக்கம் கொஞ்சம் வீக்

இசைத்தட்டின் விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூசி தேடுகிறார். தூசி இல்லை. காலையில்தான் வடிகட்டிய தண்ணீரில் கழுவி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் ஒற்றி எடுத்திருக்கிறார். இருந்தாலும் தேடுகிறார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாளாவது அவளை இவர் குளிப்பாட்டியதில்லை என்பதைத் தாய்மாமன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன்.

என் தங்கையின் கணவர். ஜெனரேட்டர் மெக்கானிக். ஆஸ்பத்திரி, அடுக்குமாடி என்று எங்கே ஜெனரேட்டர் இருமினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, பிடியை இடது காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். "மூணாவது சிலிண்டர்ல வால்வு தட்டுது" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதில்தான் தட்டும். கம்பெனி கொடுத்த காதுமூடி இருபத்திரண்டு வருஷமாகக் கழுத்தில் மாலை போலத் தொங்குகிறது. "காதை மூடிட்டா மெஷின் பேசறது எப்படி மச்சான் கேக்கும்?" என்பது அவருடைய வாதம்.

இவ்வளவு இரைச்சலில் பிழைக்கிறவர் வீட்டுக்கு வந்தால் அமைதியாக இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டார். நானூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள். அதில் ஒரே தட்டு மூன்று பிரதி. "ஒண்ணு கேக்க, ஒண்ணு வச்சுக்க, இன்னொண்ணு முதல் அச்சு." முதல் அச்சுக்கும் இரண்டாம் அச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். அன்றைக்கு நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

தட்டோடு போயிருந்தால் பரவாயில்லை; பியரும் சேர்ந்துகொண்டது. கடையில் கிடைப்பதெல்லாம் அவருக்கு ஆகாது. தாடி வைத்த இரண்டு பேர் ஒரு கொட்டகையில் அண்டா அண்டாவாகக் காய்ச்சுகிறார்களாம். அந்த கிராஃப்ட் பியர்தான் இறங்கும். பாட்டிலில் கண்ணாடி போட்ட ஆந்தைப் படம். எந்தத் தட்டுக்கு எந்த பியர் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். பித்தளை வாத்தியமென்றால் கறுப்பு பியர், வயலினென்றால் கோதுமை பியர்.

"மாத்திக் குடிச்சா என்ன ஆகும் மாப்பிள்ளை?"

"வயிறு தாங்கும் மச்சான். பாட்டு தாங்காது."

கிளாஸுக்குள் மூக்கை விட்டு, "முதல்ல ஆரஞ்சுத் தோல், பின்னாடியே ஈர மரம்" என்று கண்ணை மூடுவார். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எனக்குக் கஷாயம்தான் தெரிந்தது. சொன்னேன். "கழுதைக்குத் தெரியுமா..." என்று ஆரம்பித்தவர், மச்சான் என்ற மரியாதைக்காகக் கற்பூரத்தைச் சொல்லாமல் விட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ராஜபோகத்தில் மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு கேடு வந்தது. "லெஃப்ட் சேனல் வீக்கா இருக்கு" என்றார். இடது ஸ்பீக்கரில் சத்தம் குறைகிறதாம். ஊசியை மாற்றினார். வயரை மாற்றினார். இடது சுவரில் கம்பளம் தொங்கவிட்டார், பிறகு கழற்றினார். ஃபிரிட்ஜ்தான் கரண்டைக் கெடுக்கிறது என்று சொல்லி அதை நடைவழிக்குத் தள்ளினார். இப்போது அந்த வீட்டுக்குள் போகிற எல்லோரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கிறோம். ஆந்தை பியரின் கசப்புதான் இடது பக்கத்தை மழுக்குகிறது என்றுகூட ஒரு வாரம் சந்தேகப்பட்டார்.

ஊரில் இருக்கிற வயருக்கெல்லாம் நாடி பிடித்தவர், பக்கத்தில் ஒருத்தி இருப்பதை மறந்துவிட்டார் என்பதுதான் என் கோபம். மகள் படிக்க வெளியே போனபிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சாப்பாட்டு மேஜையில் சமையலறைப் பக்கத்து நாற்காலி என் தங்கையுடையது. அதாவது அவருக்கு இடது பக்கம். பாட்டு அறையிலும் அவள் முக்காலி இடது ஓரம்தான். அவள் பேசுவாள், இவர் திரும்பக்கூட மாட்டார்.

போன மாதம் என்னிடம் சொன்னாள். "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி இருக்குண்ணா. நான் பேசறதையே நிறுத்திட்டேன். அதுகூட இவருக்குத் தெரியல." கொஞ்சம் கழித்து, "உங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தானே இருக்கு?" என்றாள். அவள் பழமொழி சொல்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை அழைத்துவரப் போனேன். அதற்கு முன்னால் மாப்பிள்ளையை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பாட்டு அறைக்குள் நுழைந்தால், மனிதர் தரையில் மண்டியிட்டு வயரோடு மல்லுக்கட்டுகிறார்.

"வாங்க மச்சான், நல்ல நேரத்துல வந்தீங்க. இதைப் பிடிங்க."

வயர்களை இடம் மாற்றிச் செருகினோம். இடதுதான் வீக். ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினோம். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்போதும் இடதுதான் வீக்.

"ஒண்ணொண்ணாக் கழிச்சுக்கிட்டே வரணும் மச்சான். கடைசியா எது மிஞ்சுதோ அதுலதான் கோளாறு" என்று தொழில் ரகசியம் சொன்னார்.

எரிச்சல் தாங்கவில்லை எனக்கு. "எல்லாத்தையும் மாத்தியாச்சு. உங்களைத்தான் இன்னும் திருப்பிப் போடல" என்று அவர் நாற்காலியை முதுகுப்புறமாகத் திருப்பிவிட்டேன். கேலிதான். சத்தியமாகக் கேலிதான்.

ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இதுவரை கணீரென்று கேட்ட வலது ஸ்பீக்கர் இப்போது அவருடைய இடது காதுப் பக்கம். கொஞ்ச நேரம் கேட்டார். வலது காதைக் கையால் பொத்தினார். எடுத்தார். மறுபடி பொத்தினார்.

"மச்சான், உங்களுக்கு எந்தப் பக்கம் கம்மியாக் கேக்குது?"

மூன்று மாதத்தில் இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. கழுதையிடம் கேட்பானேன்!

"ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது மாப்பிள்ளை."

தலையாட்டினார். திட்டிவிட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. இத்தனை நாள் இவரை நையாண்டி செய்த என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கிளாஸில் பியர் நுரை அடங்கிக் கிடந்தது. அவர் தொடவில்லை. அதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, ஃபிரிட்ஜ் இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்து, படுக்கையறைக்குப் போனார். தங்கை கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏதோ முணுமுணுத்தாள், வாசலில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நாற்காலியை அவளுக்கு இடது பக்கமாக, முழங்கை உரசும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து, அவள் வாயருகே தலையைச் சாய்த்தார்.