திறப்பு விழாவுக்குக் காத்திருந்த பெட்டிகள்

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு நான் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், எனக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியும் என்பதுதான். புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில் வயலுக்கும் புதிதாகப் போட்ட பிளாட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒற்றை அறை அது. இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி, இரண்டு செய்தித்தாள். சிறு நூலகங்களுக்கு ஓர் அறக்கட்டளை உதவி செய்கிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதும், படிப்பகத்தை நடத்தும் மன்றத்தின் தலைவர் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் எனக்குப் பெரியப்பா மகன்.

"நீதாம்மா படிச்சவ. நாலு வரி எழுதிப் போட்டா குடுத்துட்டுப் போறான்" என்றார்.

நாலு வரியா! பதினாறு பக்கம். படிப்பகத்தின் தொலைநோக்கு என்ன என்று கேட்டிருந்தார்கள். மின்விசிறியைச் சரிசெய்வதுதான் எங்கள் தொலைநோக்கு, அதை எழுத முடியுமா? அறையின் இப்போதைய நிலையைக் காட்டும் புகைப்படம் கேட்டார்கள். பெருக்கித் துடைத்து எடுத்து அனுப்பினேன். தேவை சரியாகத் தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பழைய செய்தித்தாளை எல்லாம் தரையில் இறைத்துவிட்டு மறுபடியும் எடுத்தேன். அது தேறிவிட்டது.

புத்தகப் பட்டியலை மட்டும் நான் எழுதவில்லை. அதை எழுதியவள் காலனியிலிருந்து வரும் ஒரு பெண். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனவர்கள். இவள் சோப்புக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்தாள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் வீட்டுக்குப் போகமாட்டாள், நேராகப் படிப்பகத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். அரசு எழுத்தர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முந்தைய தடவை கொஞ்சம் மதிப்பெண்ணில் போய்விட்டது. இந்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது. எந்தெந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு என்று ஒரு நோட்டுத்தாளில் அழகாக எழுதிக் கொடுத்தாள். நான் அப்படியே சேர்த்து அனுப்பினேன்.

ஆனி கடைசியில் பெட்டிகள் வந்து இறங்கின. இரண்டு அலமாரியும் ஏழு அட்டைப்பெட்டியும். அவள் அன்றைக்கே பிரித்துவிடுவாள் போல வந்து நின்றாள். தலைவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இன்னாம்மா அவசரம்? திறப்பு விழா வெக்காம பிரிக்கலாமா? பெரிய ஆளு யாரையாவது கூப்புட்டு, அவரு கையால டேப்ப அறுக்கறத போட்டோ புடிக்கணும்."

சரி, நாலு நாள்தானே என்று நானும் சும்மா இருந்தேன். அங்கேதான் வந்தது ஆடி. ஆடியில் எதையும் துவக்கக் கூடாதாம். புத்தகத்துக்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "உனக்கு எல்லாம் கிண்டல்" என்றார். ஆவணி பிறந்தால், அழைத்திருந்த பிரமுகருக்கு வரிசையாகக் கல்யாண வீடு. அவர் ஒழிந்து வருவதற்குள் பேனரில் சண்டை. யார் படம் மேலே, யார் படம் கீழே, யார் படம் யாரைவிடப் பெரியது. பேனரை மூன்று தடவை அச்சடித்தார்கள். மூன்றாவதில் எல்லார் முகமும் இருந்தது, படிப்பகத்தின் பெயர் மட்டும் இல்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் தினமும் வந்தாள். பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, யாரிடமோ கடன் வாங்கிய பழைய கைடைப் படித்தாள். அதில் பாதிப் பக்கம் கிழிந்திருக்கும். ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அடியில இருக்கற டேப்ப மட்டும் பிரிச்சி ஒரே ஒரு புக்கு எடுத்துக்குடுக்கா. படிச்சிட்டு அப்படியே வெச்சிடறேன். மேல ஒட்டியிருக்கற டேப்பு போட்டோல நல்லாத்தான் தெரியும்."

எத்தனை நியாயமான யோசனை! அறையின் இன்னொரு சாவி என் முந்தானையிலேயே முடிந்திருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு கத்தி எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த வாரம் கண்டிப்பா வெச்சிடுவாங்கடி, கொஞ்சம் பொறு" என்றேன். அண்ணன் முகம் கோணுமே என்ற பயம். ஊரில் எல்லாரையும் வாய் கிழியத் திட்டுகிற நான், அந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த வாரமும் வைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவள் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். பத்து நாள் கழித்துத் திறப்பு விழா நடந்தது. பந்தல், மைக், சால்வை, ஒரு டஜன் பேச்சு. பிரமுகர் டேப்பை அறுத்தார், எல்லாரும் கை தட்டினார்கள். முதல் வாசகர் என்று யாரையாவது மேடைக்குக் கூப்பிட வேண்டுமே என்று தலைவர் அவளையே கூப்பிட்டார். பிரமுகர் எடுத்து நீட்டியது, பட்டியலில் அவள் முதலில் எழுதியிருந்த அதே கைடு. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கேமராக்காரர் சொன்ன திசையில் பார்த்தாள். கீழே இறங்கியதும் நேராக அலமாரிக்குப் போய் அதை வைத்துவிட்டாள்.

தேர்வு முடிவு வந்தது. அவள் பெயர் பட்டியலில் இல்லை. எதனால் போயிற்று என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த மாதமே அறக்கட்டளையிலிருந்து ஒரு படிவம் வந்தது. பயனடைந்த வாசகர் ஒருவரின் அனுபவம் வேண்டுமாம், மேடையில் புத்தகம் வாங்கிய பெண்ணுடையதாக இருந்தால் நன்று, புகைப்படம் சிறப்பாக வந்திருக்கிறது என்று ஒரு குறிப்பும் இருந்தது. தலைவர் என்னைப் பிய்த்தெடுத்தார். நானே எதையாவது எழுதிவிடலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. கடைசியில் காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போய், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் படிவத்தை வாங்கி முழுவதும் படித்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"புக்கெல்லாம் ரொம்ப நல்லா இருக்குது, ஒரு பக்கம் கூட கசங்காம புதுசா இருக்குதுன்னு எழுதிக்கோக்கா."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். நூல்களை இவ்வளவு கவனமாகப் பராமரிப்பதற்காக எங்கள் படிப்பகத்தைப் பாராட்டிப் பதில் வந்தது.