கோச்சை மாத்துங்கோ!

உதைபந்தாட்டத்தில் அணி வென்றால் பெடியள் வென்றார்கள், தோற்றால் கோச் தோற்றான். எங்கள் தொழிலின் சட்டப்புத்தகத்தில் இந்த ஒரு வரிதான் இருக்கிறது.

கிழமையில் ஐந்து நாள் நான் ஈஸ்ட் ஹாம் பக்கம் பஸ் ஓட்டுகிறவன். மிச்ச இரண்டு நாளும், ஊரில் நான் படித்த கல்லூரியின் லண்டன் பழைய மாணவர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். ஒவ்வொரு கோடைக்கும் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் அணிகள் இங்கே ஒரு கிண்ணத்துக்காக மோதும். கல்லூரியை விட்டு முப்பது வருடம் ஆனவர்கள்கூட அந்தக் கிண்ணம் வராவிட்டால் சோறு இறங்காது என்கிற மாதிரி நடந்துகொள்வார்கள். சங்கத்திலோ, கோயில் சபையிலோ, தமிழ்ப் பள்ளிக்கூடத்திலோ ஏதாவது ஒரு பொறுப்பை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முழிக்கிற சகபாடிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

வாயால் வந்த வினை

எனக்கு முன் கோச்சாக இருந்தவர் பாஸ்கரன் அண்ணை. நான்கு வருடம் படாத பாடு பட்டார். அதில் பாதிப்பாடு என்னால் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று அவரைத் திட்டிய கூட்டத்தில் என் குரல்தான் பெரிது.

போதுமடா சாமி என்று அவர் விலகிய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் எழும்பி, அணியில் என்ன பிழை, யாரை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும், ஓடத் தெரியாதவனை எதற்கு விங்கில் விட்டார்கள் என்று பத்து நிமிடம் விளாசினேன். நான் திரும்பக் கதிரையில் இருந்ததும் தலைவர் எழும்பினார். "இவ்வளவு தெரிஞ்ச ஆளை வைச்சுக்கொண்டு நாங்கள் ஏன் வெளியில தேடுவான்?" என்றார். கைதட்டல் ஓய முதலே பாஸ்கரன் அண்ணை விசிலும் கூம்புகளும் இருந்த பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நோயாளியின் முகம் அவருக்கு.

"தம்பி, இனி மட்ச்சுக்கு வரேக்கை மனிசியைக் கூட்டிக்கொண்டு வராதையும். உம்மைப் பேசிறதெல்லாம் அவவுக்கும் கேக்கும்."

இருநூற்றுப் பன்னிரண்டு கோச்மார்

அணியில் பதினாறு பேர். அணியின் ரசிகர்களுக்கென்று இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் மட்ச்சில் நாங்கள் நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். நான் காருக்குப் போய்ச் சேருவதற்குள் தொண்ணூறு செய்தி வந்திருந்தது. மான்செஸ்டரில் இருக்கும் ஒரு டொக்டர், அம்புக்குறி போட்டு மூன்று படம் கீறி அனுப்பியிருந்தார். ஒருவர் 'கோச்சை மாத்துங்கோ' என்று எழுத, அதற்குக் கீழே பெருவிரல்கள் வரிசையாக நின்றன.

டொரொண்டோவில் இருக்கும் யோகன் அண்ணை மட்டும் பொறுமையாகக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். ஆறு நிமிடம். பின்வரிசை எப்படி ஏறி நின்றது, நான் எந்த நிமிடத்தில் ஆளை மாற்றியிருக்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், வீடியோ யார் அனுப்பினது அண்ணை என்று கேட்டேன்.

"வீடியோ ஒண்டும் நான் பாக்கேல்லை. நீர் விட்ட பிழை இஞ்ச இருந்தே தெரியுது."

கஜன்

எங்கள் சென்டர் போர்வேர்ட் கஜனுக்கு இருபத்தாறு வயது. லண்டனுக்கு வந்து இரண்டு வருடம். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிரணியின் கோல்காப்பாளர் கையுறையை ஒருக்கால் இறுக்கிக்கொள்வார். குழுவில் இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒத்துப்போகும் ஒரே விசயம் கஜன்தான்.

இரண்டாவது மட்ச்சுக்கு முந்திய புதன்கிழமை, குட்மேய்ஸில் நாங்கள் பயிற்சி எடுக்கும் பூங்காவில் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் போன பிறகு அவன் வந்து பக்கத்தில் நின்றான். அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கான பெரிய விசாரணைக்குக் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் நாள் கொடுத்துவிட்டார்களாம். இன்னும் இரண்டு கிழமை இருந்தது. கடிதம் வந்த நாள் தொடக்கம் நித்திரை இல்லை. ஊரில் நடந்ததையெல்லாம் திகதி திகதியாகச் சொல்லவேண்டும் என்றால், அதையெல்லாம் திரும்பவும் நினைக்கவேண்டும்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அண்ணை," என்றான். "தெரிஞ்சால் ஆளுக்கொரு புத்தி சொல்லுவினம். எனக்குத் தலை வெடிச்சிடும்." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்படியென்றால் அது முடியும்வரை மட்ச்சுக்கு வராமல் வீட்டில் ஓய்வாக இரு என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினான்.

"விளையாட ஏலாது அண்ணை. ஆனா அந்த அறையில தனிய இருக்கவும் ஏலாது. பெஞ்சில இருத்துங்கோ."

சாரதியோடு பேசாதீர்கள்

இரண்டாவது மட்ச் ஒன்றுக்கொன்று என்று முடிந்தது. லண்டனிலேயே நல்ல சென்டர் போர்வேர்ட் தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில் ஜக்கெட்டோடு இருந்தான். பார்த்த சனத்துக்கு எப்படி இருந்திருக்கும்? கோச்சாக இல்லாவிட்டால் நானே கத்தியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் பஸ் கதவைத் திறந்தேன். இராசநாயகம் அண்ணை ஏறினார். போஸ்ட் ஒபிசில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எங்கள் நிர்வாகக் குழுவிலும் ஒருவர். மடிக்கும் கதிரையும் பிளாஸ்க்குமாக எல்லா மட்ச்சுக்கும் வருவார். பாஸ்கரன் அண்ணைக்குப் பிறகு இப்போது எனக்கு அவர்தான் பிரதான எதிர்க்கட்சி. பஸ் கார்டை மெசினில் வைக்கவில்லை. என் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். "கஜனை ஏன் இறக்கேல்லை? எனக்கு ஒரு காரணம் சொல்லும்."

"என்ர முடிவு அண்ணை."

"அது காரணமில்லை. அது திமிர்."

பின்னால் பதினைந்து பேர் மழையில் நின்றார்கள். அதில் முதல் ஆள், ஆஸ்பத்திரி அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு தமிழ்நாட்டுப் பெண். எங்கள் சண்டை முழுவதும் அவருக்கு விளங்கியிருக்கிறது.

"சார், கஜனை அவர் அப்புறம் இறக்கட்டும். முதல்ல நீங்க உள்ள போங்க, எனக்கு எட்டு மணிக்கு டியூட்டி."

அவசரக் கூட்டம்

அந்தக் கிழமையே நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. இருபது பேரும் வந்திருந்தார்கள். சங்கத்தின் சரித்திரத்தில் இது நடக்காத காரியம். தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். "தம்பி, கஜனுக்குக் காயமோ? உங்களுக்குள்ள ஏதும் கோவமோ? ஒண்டைச் சொல்லும், நான் சனத்தைச் சமாளிக்கிறன்." காயம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அடுத்த நிமிடமே அந்த டொக்டர் மான்செஸ்டரில் இருந்து ஸ்கான் கேட்டிருப்பார். என்னுடைய முடிவு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்றாவது மட்ச்சில் வென்றால் அரையிறுதி. வெல்லாவிட்டால் கோச் போகவேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். நானும் அதில் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவி மாலாவிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன்; கஜனைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு சொல்லில் எல்லார் வாயையும் அடைக்கலாம், அந்தச் சொல் என்னுடையதில்லை. மாலா இருபது வருடமாக என் முகத்தைப் படிக்கிறவள்.

"நீங்கள் சொல்லாத காரணம் ஒண்டு இருக்கெண்டு தெரியுது. சொல்லவேண்டாம். பதவி போனால் போகட்டும், பின்வளவில புல்லு முழங்காலுக்கு நிக்குது."

ஸ்டேசன் வாசலில்

விசாரணை வியாழக்கிழமை, மூன்றாவது மட்ச் அந்தச் சனிக்கிழமை. கூடப் போக நினைத்தேன், ஷிப்ட் மாற்ற முடியவில்லை. காலையில் போன் எடுத்துக் கதைத்தேன். "வெளிக்கிட்டிட்டன் அண்ணை," என்றான். அதற்குப் பிறகு நடந்ததை அவன் சொல்லித்தான் அறிந்தேன்.

ஈஸ்ட் ஹாம் ஸ்டேசன் வாசல் வரை வந்தவனுக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. விசாரணைக் கடிதங்கள் இருந்த பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு நின்றிருக்கிறான். அந்த நேரம் மரக்கறி வாங்க வந்த இராசநாயகம் அண்ணை கண்டிருக்கிறார். கண்டதும் வழக்கம்போல, "உன்னை அவன் ஏன் இறக்கிறானில்லை?" என்று தொடங்கியவர், பெடியன் சுவரை விட்டு அசையாததைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். கஜன் இரண்டு வசனத்தில் விசயத்தைச் சொன்னான். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மரக்கறிப் பையோடு அவனுடன் ரயில் ஏறினார். குரோய்டன் வரை ஊர்க் கதை, அகதிக் கதை ஒன்றும் இல்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு தான் போட்ட ஒரு கோலைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனாராம். அவன் உள்ளே போக, வெளியே ஒரு மர வாங்கிலில் ஐந்து மணித்தியாலம் இருந்தார்.

பின்னேரம் குழுவில் அவருடைய செய்தி வந்தது: 'கஜனைப் பற்றி இனி ஒருத்தரும் கோச்சைக் கேக்கக்கூடாது. காரணம் எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டன்.' எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினது போலாயிற்று. தொண்ணூறு செய்தி நூற்றெண்பதாகியது. டொரொண்டோ யோகன் அண்ணை தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப இராசநாயகத்தாருக்கும் கோச்சுக்கும் உள்ளுக்குள்ள ஏதோ ஒப்பந்தம்."

இருபத்தைந்து நிமிடம்

சனிக்கிழமை கஜன் சப்பாத்தோடு வந்தான். "முடிவு வர மாதக் கணக்காகும் அண்ணை. ஆனா சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டன். கடைசி அரை மணித்தியாலம் எண்டாலும் விடுங்கோ," என்றான். ஒன்றுக்கொன்று என்று நின்றபோது, இருபத்தைந்து நிமிடம் இருக்க, அவனை இறக்கினேன். கோட்டுக்கு வெளியே திருவிழா. முதல் பந்து, தனியாக நின்ற அவன் காலுக்கு வந்தது. கோல்காப்பாளர்கூட விழுந்துவிட்டார். கஜன் அடித்த பந்து கம்பத்துக்கு மேலால் பறந்து, பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் விளையாடியவர்களிடம் போய் விழுந்தது. "ஏலாத பெடியனை ஏன் இறக்கினவர்?" என்று உடனே ஒரு குரல். பெஞ்சில் இருத்தியதும் பிழை, இறக்கியதும் பிழை.

கஜன் என்னைப் பார்த்தான். பரவாயில்லை, விளையாடு என்று கையால் காட்டினேன். முடிய நாலு நிமிடம் இருக்கும்போது பந்தை வாங்கி, இரண்டு பேரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போய், நடுவில் தனியாக நின்ற நிரோசிடம் தள்ளிவிட்டான். நிரோஸ் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான் என்று பிறகு ஒத்துக்கொண்டான். கோல்! கஜன் புல்லில் முழங்காலில் இருந்து சிரித்தான். அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். நான் தண்ணிப் போத்திலை எடுக்கிற சாட்டில் திரும்பினேன். 'ஏன் இறக்கினவர்' என்று கத்திய அதே ஆள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"கஜனை இறக்கவேணுமெண்டு முதல்முதல்ல சொன்னது நான்தான், ஞாபகம் வைச்சிரும்!"

கடிதம்

அரையிறுதியில் பெனால்டியில் தோற்றோம். கிண்ணம் இந்த வருடமும் வேறு கல்லூரிக்குப் போனது. இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கஜன் குழுவில் முதல்முறையாக எழுதினான். இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்துவிட்டது, கோடையில் பெஞ்சில் இருக்கக் கேட்டது தான்தான், கோச் அண்ணை வாக்கைக் காப்பாற்றினார், அவரைப் பிழையாகப் பேசவேண்டாம். அவ்வளவுதான். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பதினொரு நிமிடம் பேசாமல் இருந்தார்கள். நான் நேரம் பார்த்தேன். பிறகு மழைபோல வாழ்த்துகள். மான்செஸ்டர் டொக்டர் தனியாக எனக்கு ஒரு வரி எழுதினார்: மன்னிக்கவும்.

அடுத்த மாதம் பொதுக்கூட்டம் வந்தது. என்னையே திரும்பவும் கோச்சாக வைப்பதா என்று நிர்வாகக் குழுவில் கைதூக்கச் சொன்னார்கள். பதினொரு பேர் ஓம், ஒன்பது பேர் இல்லை. இல்லை என்று உயர்ந்த முதல் கை இராசநாயகம் அண்ணையுடையது. எனக்கு அதிர்ச்சி. கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, என்ன அண்ணை, நீங்களுமா என்று கேட்டேன். தோளில் கைபோட்டார்.

"குரோய்டன் விசயம் வேற, மட்ச் விசயம் வேற. அந்த லெப்ட் பேக்கை நீர் மாத்துற வரைக்கும் என்ர கை இறங்காது."

ஆக, சகபாடிகளே, இந்த உத்தியோகத்தைப் பற்றி நான் கண்ட உண்மை என்னவென்றால், எனக்கு எதிராகக் கைதூக்கிய ஒன்பது பேரும் ஒரு மட்ச்சையும் தவறவிட்டதில்லை, எனக்காகக் கைதூக்கிய பதினொரு பேரில் ஏழு பேருக்கு மைதானத்துக்கு வழியே தெரியாது.