மாதனூரில் இறங்கியவர்

ஆம்பூரில் பேருந்து ஏறியதிலிருந்தே அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நரைக்கத் தொடங்கிய தலை, மடியில் கனத்த பை. குழந்தைகளுக்கான சமூகப் பணியில் இருப்பதாகவும், வேலூரில் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஓடுவதாகவும் பக்கத்து இருக்கையில் இருந்த என்னிடம் சொன்னார்.

"போன வருஷமும் போவல சார். இந்த வாட்டி டான்ஸ் ஆடுறா. வரலன்னா என்கூடப் பேசவே மாட்டா."

பக்கத்தில் எந்தக் குழந்தை வந்து நின்றாலும் கைகுலுக்கினார். குலுக்கிய கையை உடனே விடவும் இல்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

முன் இருக்கையில் தாயோடு இருந்த சிறுமியின் கையையும் அப்படித்தான் பிடித்தார். நகங்களைச் சுற்றி ஷூ ஒட்டும் பசை காய்ந்து கறுத்திருந்தது.

"இன்னிக்கு ஸ்கூல் இல்லியா பாப்பா?"

சிறுமி தாயைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்ல," என்றாள் தாய்.

"வீட்லயே ஷூ வேலை செய்றீங்களாம்மா? எந்த ஊரு?"

"மாதனூரு."

"நானும் அங்கதான் எறங்கறேன். உங்க வீட்ல கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்."

தாயின் முகம் இறுகியது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இன்னா மேடம், வேலூர்னு சொன்னீங்களே?" என்றேன்.

"வேலூர் எங்க போய்டப்போவுது சார்?"

இறங்கிவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு கையில் சிறுமியின் விரல்கள், மறு கையில் விடாமல் அடித்துக்கொண்டிருந்த போன். திரையைப் பார்த்தார். எடுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

பேருந்து கிளம்பிவிட்டது. வேலூர் வரைக்கும் அந்தப் போன் மணி என் பைக்குள் அடிப்பது போலவே இருந்தது.